வயலில் விழுந்த ராக்கெட்டும் ஐந்து வெள்ளி மனுவும்

கேள்வி: பொறியியல் படிக்கும் என் மகன், நண்பர்களோடு செய்த ராக்கெட்டில் வைப்பதற்காக இணையத்தில் 380 வெள்ளிக்கு (ரிங்கிட்) ராக்கெட் விழுந்த இடத்தைக் காட்டும் ஒரு ஜிபிஎஸ் டிராக்கர் வாங்கினான். இரண்டாவது முறை ஏவியபோது காற்று இழுத்துக்கொண்டு போய் நெல் வயலில் இறங்கிவிட்டது. சேற்றுத் தண்ணீரில் ஒரு மணி நேரம் கிடந்தது. இப்போது விளக்கு எரிகிறது, சிக்னல்தான் வரவில்லை. அரிசி டப்பாவில் மூன்று நாள் வைத்தும் பார்த்தோம். விற்றவரோ, “தண்ணீர் பட்டால் உத்தரவாதம் கிடையாது” என்று கைவிரித்துவிட்டார். என்ன செய்யலாம் ஐயா?
வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: அரிசியைச் சோற்றுக்கு விட்டுவிடுங்கள். ஈரம் தானாகவே காய்ந்துவிடும். சேற்று நீரில் கரைந்திருந்த உப்பும் அழுக்கும்தான் மின்சுற்றுப் பலகையிலேயே தங்கி, மெல்ல மெல்லச் செம்பை அரிக்கும். அதைக் கழுவித்தான் எடுக்க வேண்டும்.

முதலில் பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள். நனைந்த லித்தியம் பாலிமர் பேட்டரியை நம்பிச் சார்ஜ் போட வேண்டாம். கொஞ்சம் உப்பியிருந்தாலும் புதியதுதான் வாங்க வேண்டும். அப்புறம் கார் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரில் பலகையை அலசி, 99 விழுக்காடு ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தொட்டு மென்மையான பல்துலக்கியால் தேய்த்து, மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் உலரவிடலாம். உயரம் அளக்கும் அழுத்தமானி இருந்தால் அதன் சிறு துளைக்குள் எதையும் பீய்ச்ச வேண்டாம்.

‘சிக்னல் வரவில்லை’ என்பதில் இரண்டு வேறு நோய்கள் இருக்கலாம். டிராக்கர் செயற்கைக்கோளைப் பிடிக்காமல் இருக்கலாம். அல்லது பிடித்தும், அதை உங்களிடம் அனுப்பும் ரேடியோ பேசாமல் இருக்கலாம். திறந்த திடலில், சதுரமான பீங்கான் ஆன்டெனா வானத்தைப் பார்க்கும்படி வைத்துச் சில நிமிடம் பொறுங்கள். இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் ஜிபிஎஸ் நல்லாத்தான் இருக்கிறது. அடுத்து ரேடியோ ஆன்டெனாவின் கம்பி பலகையில் சேரும் பொத்தான் போன்ற இணைப்பைப் பாருங்கள். தரையில் மோதும்போது அது கழன்றுகொள்வது சகஜம். பொதுவாக முப்பது முறை மாட்டிக் கழற்றத்தான் அந்த இணைப்பு தாங்கும், அதனால் சும்மா சும்மா பிடுங்கிப் பார்க்க வேண்டாம். ஆன்டெனா இல்லாமல் ரேடியோவை இயக்கவும் கூடாது, அனுப்பும் சில்லே கெட்டுப்போகலாம்.

இனி விற்றவர் சொன்னது. அதில் பாதி நியாயம்தான். வயலில் ஊறிய பொருளை யாரும் சும்மா மாற்றித் தரமாட்டார்கள். ஆனால் விளம்பரத்தில் ‘நீர் புகாது’ என்று போட்டிருந்தால் கதை வேறு. மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருள் சொன்ன வர்ணனைக்குப் பொருந்த வேண்டும். அந்தப் பக்கத்தை இன்றைக்கே படம் பிடித்து வையுங்கள், நாளைக்கு அந்த வரி காணாமல் போகலாம். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய 5 வெள்ளிதான் கட்டணம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை விசாரிப்பார்கள், மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். விற்றவர் வெளிநாட்டுக்காரர் என்றால் இந்த வழி பெரிதாக உதவாது. வாங்கிய தளத்தில் பணம் திரும்பக் கேட்கும் கெடு முடிவதற்குள் முந்திக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் தண்ணீரைப் பற்றிப் பேச்சே இல்லையா? என்னைக் கேட்டால், சண்டையை விட்டுவிட்டு ஆல்கஹால் வாங்கப் போவேன்.

கேள்வி: தண்ணீரும் அடியும் படாமலிருக்க, டிராக்கர் முழுவதையும் எப்பாக்சி பசை ஊற்றி மூடிவிடலாமா?
வாசகர், செந்தூல்

பதில்: மூடலாம், அதோடு பழுதுபார்க்கும் ஆசையையும் மூடிவிட வேண்டியதுதான். பேட்டரிகூட மாற்ற முடியாது. வெப்பத்தில் சுருங்கும் பிளாஸ்டிக் உறையும் சுற்றிலும் கொஞ்சம் பஞ்சு நுரையும் போதும். ஆன்டெனா இணைப்பின் மேல் ஒரு சொட்டு சிலிகான் வைத்தால் கழலாது, வேண்டும்போது உரித்தும் எடுக்கலாம். புளிக்காடி வாசம் அடிக்கும் சிலிகான் மட்டும் வேண்டாம், அதிலிருந்து வரும் அமிலம் செம்பை அரிக்கும். நடுநிலை வகை என்று கேட்டு வாங்குங்கள்.

பேட்டரி ஸ்பிரிங் வைத்த கூட்டில் இருந்தால், புறப்படும் உதைப்பில் ஸ்பிரிங் அமுங்கி மின்சாரம் ஒரு நொடி அறுந்துபோகும், டிராக்கர் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கம்பியைச் சூடு வைத்து ஒட்டிய பேட்டரியே மேல். அதையும் நாடாவால் இறுக்கிக் கட்டுங்கள். பாராசூட்டை வெளியே தள்ளும் கருமருந்தின் புகை படாத இடத்தில் வைப்பது ரொம்ப முக்கியம். அந்தக் கரி ஈரத்தை இழுத்து உலோகத்தை அரிக்கும், நம் ஊர்ப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். பெரும்பாலும் கூம்பு முனைக்குள் வைப்பார்கள். கூம்பு கண்ணாடியிழையாக இருந்தால் பிரச்சினை இல்லை. கார்பன் இழையோ உலோகத்தூள் கலந்த பெயின்டோ என்றால் சிக்னல் உள்ளேயே அடைபட்டுவிடும்.

கேள்வி: அமெரிக்கத் தளத்தில் 915 மெகாஹெர்ட்ஸ் டிராக்கர் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?
வாசகர், ஜெலுத்தோங்

பதில்: அங்கே இந்த வகைக் கருவிகளுக்கு 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரை திறந்திருக்கிறது. இங்கே விட்டிருக்கும் பகுதி அதைவிடக் குறுகியது, 915 அதற்குள் வராது. அலைவரிசையை மாற்றிக்கொள்ள முடியுமா என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். முடியாது என்றால் மலிவாகக் கிடைத்தும் பயனில்லை. உள்ளூரில் வாங்குகிறீர்கள் என்றால் சிரிம் என்ற தரச் சோதனை அமைப்பின் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.