மாவுக்கட்டைப் பிரித்துவிட்டுத் திபெத்திய மாத்திரையா?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது, சர்க்கரை உண்டு. வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்து, மாவுக்கட்டு போட்டு இரண்டு வாரம் ஆகிறது. கர்நாடகத்தில் திபெத்தியர் குடியிருக்கும் பைலகுப்பேயிலிருந்து திபெத்திய முத்து, பவள மாத்திரை வாங்கித் தருவதாகவும், பத்து நாளில் கட்டைப் பிரித்துவிடலாம் என்றும் தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா? - வாசகி, ஓசூர்

பதில்: வாங்காதீர்கள், கட்டையும் பிரிக்காதீர்கள். மணிக்கட்டு எலும்பு ஒன்றுசேர ஏறக்குறைய 6 வாரம் ஆகும். எந்த மாத்திரையும் அதைப் பத்து நாளாகச் சுருக்காது.

‘முத்தில் சுண்ணாம்புச் சத்து, எலும்பு கூடிவிடும்’ என்றிருப்பாரே? தரகர்களின் வழக்கமான பேச்சு அது. முத்து 25, பவளம் 25 இரண்டும் நரம்பு, மூளைக் கோளாறுகளுக்குத் தருபவை. 25 என்பது சேரும் சரக்குகளின் எண்ணிக்கை. முறிவென்றால் திபெத்திய வைத்தியரான ஆம்ச்சியும் முதலில் எலும்பை நேராக்கிக் கட்டத்தான் செய்வார்.

‘ரின்சென்’ என்னும் விலை உயர்ந்த மாத்திரைகள் சிலவற்றில் பக்குவப்படுத்திய பாதரசம் சேர்கிறது. சர்க்கரைக்காரருக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே பழுதாகியிருக்கலாம். யார் செய்தது என்றே தெரியாததை அவருக்கு எப்படிக் கொடுப்பீர்கள்? பட்டுத்துணியில் சுற்றி அரக்கு வைத்திருந்தால் அசல் என்று நம்பிவிடாதீர்கள். துணியும் அரக்கும் எல்லாக் கடையிலும் கிடைக்கும். கன்மதம் என்று விற்கும் கறுப்புப் பிசினும் அதே கதைதான். 2010-ல் திபெத்திய மருத்துவத்தை இந்தியாவில் சட்டப்படி அங்கீகரித்தார்கள். ஆனால் மருத்துவர் சீட்டில்லாமல் கைமாறுவதை யார் தடுக்கிறார்கள்? மருத்துவர்களான நாங்களும் கட்டைப் போட்டு அனுப்பிவிடுகிறோம், என்ன சாப்பிடலாம் என்று இரண்டு வார்த்தை பேச நேரம் ஒதுக்குவதில்லை. தரகர் நுழைவது அந்த இடைவெளியில்தான்.

ஒன்றை மட்டும் மறுக்கமாட்டேன். திபெத்திய மேட்டுநிலத்தில் தரையோடு ஒட்டி, அகன்ற, சுருக்கம் விழுந்த இலைகளோடு வளரும் லாமியோஃப்லோமிஸ் என்ற மூலிகை சேர்ந்த, வலிக்கு ஒட்டும் பிளாஸ்திரிகள் உண்டு. கட்டு பிரித்தபின் வலி இருந்தால் ஒட்டலாம். அதுவும் தோல் கிழியாமல், புண்ணில்லாமல் இருந்தால் மட்டும். அறுவைத் தழும்பின்மேல் கூடாது, மாவுக்கட்டுக்குள் செருகவே கூடாது. அரித்தால் உடனே எடுத்துவிடுங்கள். வலிதான் குறையும், எலும்பை ஒட்டவைக்காது.

திபெத்திய மருத்துவம்தான் வேண்டுமென்றால், முதலில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவை ரத்தத்தில் பாருங்கள். பிறகு மென்-சீ-காங் கிளைக்கு அம்மாவையே அழைத்துப் போங்கள். 1916-ல் லாசாவில் தொடங்கி, 1961 முதல் தரம்சாலாவில் இயங்கும் திபெத்திய மருத்துவ நிறுவனம் அது. பைலகுப்பேயிலேயே கிளை உண்டு, நடுவில் ஆள் தேவையில்லை. எக்ஸ்ரேயும் சர்க்கரை மாத்திரைச் சீட்டும் கையில் இருக்கட்டும்.

விரல்கள் நீலம் பாரித்தாலோ, மரத்தாலோ, கட்டுக்குள் வலி ஏறிக்கொண்டே போனாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் கட்டு போட்ட மருத்துவமனைக்கே ஓடுங்கள்.