தினமும் குறுக்கெழுத்து, சுடோகு போடுவதில் அப்படி என்ன திருப்தி? நேர விரயம் இல்லையா?

உங்கள் வீட்டில் யாரோ காலையில் பேப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்துவிடுகிறார்கள், அந்த எரிச்சலில்தான் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் அப்படி உட்காருபவள் நான். அதனால் பதில் சொல்கிறேன்.

மூளை கூர்மையாகும், மறதி நோய் வராது என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. நான் டாக்டர் இல்லை. கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் 31 வருடம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள். 'வேலைவெட்டி இல்லாதவள்' என்று கருத்து எழுத வருகிறவர்கள் இதையும் படித்துவிட்டு எழுதுங்கள்.

போன வாரம் நடந்தது. இடமிருந்து வலம், 'காவிரிக் கரை ஊர்', ஐந்து கட்டம். நான் பிறந்தது குளித்தலை. யோசிக்கவே இல்லை; கு, ளி, த், த, லை என்று அழுத்தி எழுதிவிட்டேன். மூன்றாவது கட்டத்திலிருந்து மேலிருந்து கீழாக இன்னொரு சொல் தொடங்குகிறது. 'சிறுபொழுதுகளில் ஒன்று', மூன்று கட்டம். அங்கே நிற்பதோ 'த்'. புள்ளி வைத்த எழுத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது. அப்படியானால் என் ஊர் தவறு. மனம் ஒப்பவில்லை. குறிப்புதான் தப்பாக அச்சாகியிருக்கும் என்று பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

மதியம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே விரல்விட்டு எண்ணினேன். காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம், வைகறை. பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியை ஒப்பிக்க வைத்த ஆறு. மூன்று கட்டத்தில் அடங்குவது யாமமும் வைகறையும்தான். நடுவில் 'யா' வரும் ஐந்தெழுத்து ஊர் எதுவும் தோன்றவில்லை. 'வை'? திருவையாறு! கீரையை முறத்திலேயே போட்டுவிட்டு எழுந்து ஓடினேன். ரப்பரால் தேய்த்துத் தேய்த்துத் தாள் மெலிந்து, பின்பக்கத்து வரி விளம்பரம் தெரிந்தது. அதன் மேலேயே தி, ரு, வை, யா, று என்று எழுதினேன். பத்து நிமிடத்தில் அந்த மூலை முழுவதும் நிரம்பிவிட்டது.

நீங்கள் கேட்கும் திருப்தி அதுதான். பேரேட்டில் கணக்கு நேராகும்போது வரும் நிம்மதியும் எனக்குத் தெரியும். ஆனால் அங்கே ஒரு தவறு அகப்பட்டால் யாராவது ஒருவர் தலை குனிந்து நிற்க வேண்டும். இங்கே தவறு செய்தவளும் நான், பிடித்தவளும் நான். யாரும் சொல்லித்தரவில்லை, யாரும் திட்டவில்லை.

ஆங்கிலக் குறுக்கெழுத்தோடு இதை ஒப்பிட்டுக் குறைத்துப் பேசுகிறவர்களும் உண்டு. 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் பத்திரிகை ஒன்றில் ஆதர் வின் போட்ட புதிரிலிருந்து வளர்ந்தது அது, மறுக்கவில்லை. ஆனால் அதில் பெரும்பாலும் இரண்டே திசை. நம்முடையதில் வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்று நான்கு திசையும் வரும். எழுத்தும் 26 அல்ல, 247.

சுடோகுவும் போடுவேன். ஒரே ஒரு விடை வரவேண்டுமானால் குறைந்தது 17 எண்களாவது முன்கூட்டியே தரப்பட்டிருக்க வேண்டும் என்று 2012இல் கணினி கொண்டு நிறுவினார்கள். 81 கட்டத்தில் வெறும் 17! இருந்தாலும் எனக்கு எழுத்துதான் பிடிக்கும்.

நேர விரயம் என்கிறீர்கள். நாள் முழுக்க கிரிக்கெட் பார்க்கும் ஆண்களிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

சொல்ல வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கிளை நூலகத்துக்கு வரும் பொதுப் பேப்பரில் யாரோ தினமும் காலையிலேயே குறுக்கெழுத்தைப் பேனாவால் நிரப்பிவிட்டுப் போகிறார். வீட்டில் பேப்பர் வாங்க முடியாத பிள்ளைகள் அந்தப் பக்கத்துக்காகவே அங்கே வருகிறார்கள். நூலகரிடம் இரண்டு முறை சொல்லிவிட்டேன். பென்சிலால் எழுதியிருந்தாலாவது அழித்துக் கொடுத்திருப்பேன்.