தப்பறை என்று சொல்லுமுன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் அன்பியக் கூட்டத்தில் (பங்கின் சிறு குழுக் கூட்டத்தில்) ஒருவர், நற்கருணையை (திருப்பலியில் தரும் அப்பத்தை) நாவில் வாங்காமல் கையில் வாங்குவது தப்பறை (விசுவாசத்துக்கு மாறான கொள்கை), வாங்குகிறவர்கள் பதிதர்கள் (தப்பறைக்காரர்கள்) என்றார். "இரண்டாம் வத்திக்கான் சங்கத்தையே (1962-65இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய மாமன்றம்) குறை சொல்லும் நீங்கள்தான் பதிதர்" என்று திருப்பிச் சொல்லிவிட்டேன். யார் சொன்னது சரி?

- ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டுமே தவறு. அவருடையது கொஞ்சம் கூடுதல் தவறு.

தப்பறைக்குக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 751ஆம் எண் வைக்கும் அளவு மிகக் குறுகலானது. ஆள் திருமுழுக்குப் பெற்றவராக இருக்க வேண்டும். விஷயம், இறைவன் வெளிப்படுத்தியது என்று திருச்சபை நம்பச் சொல்லும் உண்மையாக இருக்க வேண்டும். அதை அவர் மறுக்கவோ ஐயப்படவோ வேண்டும், அதுவும் பிடிவாதமாக. இந்தப் 'பிடிவாதமாக' என்ற சொல்லிலேயே பாதிக் குற்றச்சாட்டுகள் உதிர்ந்துவிடும். தெரியாமல் சொன்னவரும், சுட்டிக்காட்டினால் திருத்திக்கொள்பவரும் இதில் வரமாட்டார்கள்.

கையா நாவா என்பது வழிபாட்டு ஒழுங்கு. 1969இல் ரோமையிலிருந்து வந்த அறிவுரை நாவில் வழங்கும் மரபையே போற்றியது. ஒரு நாட்டின் ஆயர் (பிஷப்) பேரவை கேட்டால் கையில் வழங்க அனுமதி தரவும் வழி வைத்தது. நாவில்தான் வாங்குவேன் என்பதற்கு உங்கள் நண்பருக்கு முழு உரிமை உண்டு. நற்கருணையில் கிறிஸ்து உண்மையாகவே இருக்கிறார் என்பதை யாராவது மறுத்தால்தான் பேச்சு விசுவாசத்தைத் தொடும்.

இனி உங்கள் பதிலடி. சங்கத்துக்குப் பின் வழிபாட்டை அவசரமாக மாற்றிவிட்டார்கள் என்பது வெறும் கருத்து. அதை மரியாதையோடு திருச்சபை மேய்ப்பர்களிடமும் மற்றவர்களிடமும் சொல்ல 212ஆம் எண் இடம் தருகிறது. சங்கத்தின் போதனையையே ஏற்கமாட்டேன் என்றால் கனமான விஷயம்தான். விசுவாசக் கோட்பாடாக வரையறுக்காத போதனைக்கும் அறிவும் மனமும் பணிய வேண்டும் என்கிறது 752ஆம் எண். ஆனால் அந்த மீறலுக்குத் தப்பறை என்று பெயரில்லை.

தப்பறைக்குரிய சபை விலக்கம் (திருச்சபை உறவிலிருந்து விலக்கும் தண்டனை), யாரும் தீர்ப்பளிக்காமல் தானாகவே விழும் என்று 1364ஆம் எண் சொல்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் ஆளுக்காள் தீர்ப்பு எழுதுகிறார்கள். தண்டனை விழுந்துவிட்டதென்று ஊரறிய அறிவிப்பது ஆயர் போன்ற அதிகாரமுள்ளவரின் வேலை, அன்பியத்தின் வேலையல்ல.

மாதாவின் அமல உற்பவம் (மரியா பிறப்புநிலைப் பாவமின்றிக் கருவானார் என்பது) பற்றி தோமினிக்கன், பிரான்சிஸ்கன் என்ற இரு துறவற சபையாரும் மோதியபோது திருத்தந்தை நான்காம் சிக்ஸ்துஸ் என்ன செய்தார் தெரியுமா? எதிர்த்தரப்பைத் தப்பறைக்காரர் என்பவருக்கே சபை விலக்கம் என்று 1483இல் ஆணையிட்டார், இரு தரப்புக்கும் சேர்த்து. திருச்சபை இன்னும் தீர்மானிக்காததை நீங்கள் தீர்மானிக்காதீர்கள் என்பது அவர் காரணம். தீர்மானம் 1854இல்தான் வந்தது. இன்று அதைப் பிடிவாதமாக மறுத்தால் தப்பறை. 13ஆம் நூற்றாண்டில் அதை ஏற்காத தோமா அக்வினாஸோ புனிதர்.

இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில் 22ஆம் பத்தி இதற்கென்றே எழுதியது போல இருக்கும். அடுத்தவர் சொன்னதற்கு முதலில் நல்ல பொருள் கொள். முடியாவிட்டால் எப்படிப் புரிந்துகொண்டு சொன்னார் என்று கேள். தவறென்றால் அன்போடு திருத்து. ஆகவே அவரிடம், "சங்கத்தின் எந்த ஏட்டில், எந்தப் பத்தி உறுத்துகிறது?" என்று கேளுங்கள். பெரும்பாலும் பத்தி வராது, யூடியூப் காணொளி வரும். பரவாயில்லை, ஏட்டை எடுத்துவைத்துச் சேர்ந்து படியுங்கள். அப்படியும் தீராவிட்டால் பங்குத்தந்தையிடம் போங்கள், வாட்ஸ்அப் குழுவுக்கு வேண்டாம். ஒருவரின் நற்பெயரை அநியாயமாகக் கெடுப்பதைச் சட்டத்தின் 220ஆம் எண் தடுக்கிறது.

அதற்குமுன் 'பதிதர்' என்று நீங்கள் சொன்னதைத் திரும்பப் பெறுங்கள். எல்லார் முன்னாலும் சொன்னீர்கள் அல்லவா, அதையும் அதே கூட்டத்தில் செய்யுங்கள்.