காரின் கறுப்பு பிளாஸ்டிக் பாகங்கள் ஏன் சாம்பல் நிறமாகின்றன? எப்படிப் பராமரிப்பது?

பம்பரின் அடிப்பகுதி, சக்கர வளைவு, முன்பக்க கிரில் போன்ற இடங்களில் பெயின்ட் அடிக்காமல் விடப்படும் கறுப்பு பிளாஸ்டிக்கைத்தான் ட்ரிம் என்கிறார்கள். கதவுக்கும் பானட்டுக்கும் மேலே இருக்கும் பளபளப்பான பூச்சு இதற்குக் கிடையாது. அதனால் வெயிலின் புற ஊதாக் கதிர்கள் நேரடியாகத் தாக்கி, மேற்பரப்பில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்குகின்றன. அவற்றில் பட்டு ஒளி சிதறுவதால்தான் சாம்பல் நிறம் தெரிகிறது. மொட்டைமாடியில் கிடக்கும் பிளாஸ்டிக் வாளி வெளுத்துப்போவதும் இதே கதைதான்.

கழுவ கார் ஷாம்பூவும் மென்மையான பிரஷும் போதும். கிரில்லுக்கு மிக அருகில் பிரஷர் வாஷரைப் பிடிக்காதீர்கள். பின்னாலுள்ள ஏசி கண்டென்சரின் (ஏசியின் வெப்பத்தை வெளியேற்றும் பாகம்) மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். அப்புறம் இடுக்கில் தேங்கிய தண்ணீர்கூட இல்லாமல் நன்றாகக் காயட்டும், ஈரத்தின் மேல் பூசுவது சரியாக ஒட்டாது. காய்ந்தபின் புற ஊதாத் தடுப்புள்ள ட்ரிம் பூச்சைத் தடவலாம். பெயின்டுக்கான வேக்ஸ் இந்தப் பிளாஸ்டிக்கில் பட்டால் அதன் சொரசொரப்புக்குள் வெள்ளையாகக் காய்ந்துவிடும், எடுப்பது பெரும்பாடு.

தேங்காய் எண்ணெய் தடவினால் பிளாஸ்டிக் பழையபடி ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். எண்ணெய் வெடிப்புகளை நிரப்பியிருக்கும்வரைதான் அந்தக் கறுப்பு, வெயிலையும் தடுக்காது, தூசியை வேறு இழுக்கும்.