வழி தெரியாமல் சுற்றுகிறோம்!

கேள்வி: 'கிர்பி அண்ட் தி அமேசிங் மிரர்' விளையாட்டை நானும் தம்பியும் ஆடுகிறோம். முதல் கட்டம், இரண்டாம் கட்டம் என்று வரிசையே இல்லை. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்துவிடுகிறோம். தப்பாக ஆடுகிறோமா?
– ஒரு வாசகி

பதில்: தப்பே இல்லை, தங்கையே. 2004-இல் கேம்பாய் அட்வான்ஸ் என்ற கையடக்க விளையாட்டுக் கருவிக்கு வந்த இந்த விளையாட்டின் அமைப்பே அப்படித்தான். டார்க் மெட்டா நைட் என்ற வில்லனின் வாள் பட்டு, நாம் இயக்கும் நாயகன் கிர்பி நான்கு பேராகப் பிரிகிறான். உடைந்த மாய முகக்கண்ணாடியின் 8 துண்டுகளைத் தேடவேண்டும். எதை முதலில் எடுப்பது என்பது பெரும்பாலும் உங்கள் விருப்பம்.

நானும் என் அக்காவும் ஆளுக்கொரு கருவியை கேபிளால் இணைத்து ஆடியபோது, அவள் ஓர் அறையில், நான் எங்கோ வேறொரு மூலையில்! பிரிந்து போனதால்தான் நிறைய வழிகளைக் கண்டுபிடித்தோம். நீங்களும் பிரிந்து தேடுங்கள். பெரிய பெட்டி தென்பட்டால் விடாதீர்கள். வரைபடம் அதில்தான் இருக்கும். பெரிய பொத்தானைக் கண்டால் அழுத்துங்கள். பல பகுதிகளுக்கும் வழி பிரியும் நடுக்கூடத்திலிருந்து அந்தப் பகுதிக்கு நேர்வழி திறக்கும், பழைய பாதையை மறுபடி நடக்கவேண்டாம்.

ஒரு கிர்பியால் வாயால் உறிஞ்சி இழுக்க முடியாத பெரிய கல் வந்தால், விளையாட்டில் கிர்பியிடம் இருக்கும் செல்போனில் மற்ற கிர்பிகளை அழையுங்கள். அதன் பேட்டரியில் 3 கோடுகள்தான், ஓர் அழைப்புக்கு ஒன்று போய்விடும். இரண்டு பேர்தான் ஆடுகிறீர்கள் என்றாலும் மீதி இரு கிர்பிகளை விளையாட்டே இயக்கும். அவர்களும் ஓடி வருவார்கள்.