பென் டிரைவில் ஸ்டூடியோ: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கல்லூரி ஆய்வகக் கணினியில் எதையும் இன்ஸ்டால் செய்ய முடியாது. நண்பன் பென் டிரைவில் 'எஃப்.எல். ஸ்டூடியோ போர்ட்டபிள்' தந்தான். அதில் இசையமைக்கலாமா?
– ஒரு மாணவர், தேனி

பதில்: வேண்டாம். எஃப்.எல். ஸ்டூடியோ என்ற இசையமைப்பு மென்பொருளைத் தயாரிக்கும் இமேஜ்-லைன் நிறுவனம், இன்ஸ்டால் செய்யாமல் ஓடும் போர்ட்டபிள் பதிப்பை வெளியிடுவதில்லை. உங்களிடம் இருப்பது யாரோ பூட்டை உடைத்துச் சுருட்டியது. 'ஆன்ட்டிவைரஸை அணைத்துவிட்டுத் திறக்கவும்' என்று கூடவே ஒரு குறிப்பு இருந்தால், ஏன் என்று யோசியுங்கள். திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு மென்பொருளைக் கணினியில் பயன்படுத்துவது இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 63பி-யின்படி குற்றம். 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். வணிக ஆதாயம் இல்லையென்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து, 50,000 ரூபாய் வரை அபராதம் மட்டும் விதிக்கலாம், அவ்வளவுதான்.

போர்ட்டபிள் என்பதே தவறில்லை. தயாரித்தவரே அனுமதித்தாரா என்பதுதான் கேள்வி. ரீப்பர் என்ற இன்னொரு இசை மென்பொருள் அனுமதிக்கிறது. விண்டோஸ் இன்ஸ்டாலரில் 'போர்ட்டபிள் இன்ஸ்டால்' என்பதை டிக் செய்து, பென் டிரைவில் ஒரு காலி ஃபோல்டரைக் காட்டுங்கள். அமைப்புகள் எல்லாம் அந்த ஃபோல்டரிலேயே தங்கும். ஒலித் தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ டிரைவரை ஆய்வகத்தில் போட முடியாது. ஆடியோ அமைப்பில், விண்டோஸிலேயே இருக்கும் வாசாபியைத் தேர்ந்தெடுங்கள். பென் டிரைவை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். பழைய முறையான ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது. நீண்ட ரெக்கார்டிங் பாதியில் சிக்கும். வெளியிலிருந்து வரும் புரோகிராமை ஓட்ட ஆய்வகப் பொறுப்பாளரிடம் முதலில் அனுமதி கேளுங்கள்.

ரீப்பரை 60 நாள் இலவசமாகப் பார்க்கலாம். அதன் பிறகும் மென்பொருள் நிற்காது, திறக்கும்போது நினைவூட்டல் மட்டும் வரும். ஓடுகிறது என்பதற்காக உரிமம் இருக்கிறது என்று ஆகிவிடாது. சொந்த உபயோகத்துக்கும், இசைத் தொழிலில் ஆண்டு வருவாய் 20,000 டாலரைத் தாண்டாதவருக்கும் 60 டாலர், மற்றவருக்கு 225. ஒரே உரிமத்தைப் பல கணினிகளில் போடலாம், ஒரு நேரத்தில் ஒன்றில்தான் ஓட்டலாம். நண்பனுக்கு ஃபோல்டரை நகலெடுத்துத் தருவதற்கு முன், அதிலுள்ள உரிமக் கோப்பை நீக்கிவிடுங்கள். காசே வேண்டாமென்றால் எல்.எம்.எம்.எஸ். என்ற இலவச இசை மென்பொருள் இருக்கிறது, ஜி.பி.எல். என்ற திறந்த உரிமம், தாராளமாகப் பகிரலாம்.

கேள்வி: வீட்டில் செய்த பாட்டை வேறு கணினியில் திறந்தால் பாதி டிராக் காலி. ஏன்?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: ஆடியோ கோப்புகள் வீட்டுக் கணினியிலேயே தங்கிவிட்டன. ரீப்பரில் 'சேவ் ஆஸ்' தரும்போது, மீடியாவை எல்லாம் புராஜெக்ட் ஃபோல்டருக்குள் நகலெடுக்கும் தேர்வை டிக் செய்யுங்கள். பிளகின்கள், அதாவது கூடுதலாகச் சேர்க்கும் இசைக்கருவி, எஃபெக்ட் நிரல்கள், வேறு கதை. ஒரே டி.எல்.எல். கோப்பாக மட்டும் வரும் எளிய வி.எஸ்.டி. வகைப் பிளகின்கள் பென் டிரைவிலிருந்தே ஓடும். கணினியோடு பிணைத்து ஆக்டிவேட் செய்பவை ஓடா. அந்த டிராக்குகளை வீட்டிலேயே வேவ் ஆடியோ கோப்பாக மாற்றி (ரெண்டர் செய்து) எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: 'ராயல்டி-ஃப்ரீ' லூப் வைத்த பாட்டை யூடியூபில் போட்டால் பிரச்சினை வருமா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: லூப் என்பது திரும்பத் திரும்ப ஒலிக்கும் சிறு இசைத் துண்டு. பொதுவாகப் பாட்டுக்குள் பயன்படுத்தலாம், லூப்பைத் தனியாக விற்கவோ பகிரவோ கூடாது. அதே லூப்பை நூறு பேர் வாங்கியிருப்பார்கள். அதனால் அப்படிப்பட்ட பாட்டை, ஒரே இசை வரும் வீடியோக்களைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடி-யில் பதிவு செய்யாதீர்கள்; செய்தால் அடுத்தவர் வீடியோவுக்கு உங்கள் பெயரில் உரிமைக் கோரிக்கை (கிளெய்ம்) போகும்.