64 குதிப்புகள் போதுமா? காற்றாலையும் பாறை முகடும் குறித்து ஒரு கேள்வி

கேள்வி: வள்ளியூருக்குப் பக்கத்துக் கிராமம் எனக்குச் சொந்த ஊர்; வயது 26. துபாயில் வேலை பார்க்கிறேன். அங்கே முறையாகப் பயின்று, விமானத்திலிருந்து பாராசூட்டில் இதுவரை 64 முறை குதித்திருக்கிறேன். என்னோடு வேலை பார்க்கும் நண்பருக்கு இப்படி விமானத்திலிருந்து குதிக்கும் ஸ்கைடைவிங்கில் 300 குதிப்புகளும், உயரமான நிலையான இடங்களிலிருந்து குதிக்கும் பேஸ் ஜம்ப்பிங்கில் ஓரளவு பழக்கமும் உண்டு. ஆடிக் கொடைக்குப் பத்து நாள் விடுப்பில் இருவரும் ஊருக்கு வருகிறோம். ஊருக்கு வெளியே நிற்கும் 80 மீட்டர் காற்றாலையிலிருந்தோ, மேற்கு மலையில் ஒரு பாறை முகட்டிலிருந்தோ என்னுடைய முதல் பேஸ் குதிப்பைச் செய்துவிடலாம் என்கிறார் அவர். என் அனுபவம் இதற்குப் போதுமா? எதையெல்லாம் பார்த்து முடிவு செய்ய வேண்டும்?

பதில்: தம்பி, உங்கள் முதல் கேள்விக்கு விடை, போதாது என்பதே. உங்கள் நண்பர் சொல்லும் இரண்டு இடங்களும், உங்களுக்கு மட்டுமல்ல, எத்தனை குதிப்பு முடித்தவருக்கும் ஆகாத இடங்கள். செய்வதற்கு முன்னால் கேட்டிருக்கிறீர்கள். அதனால் காரணங்களை விரிவாகவே எழுதுகிறேன்.

கட்டடம், ஆன்டெனா கோபுரம், பாலம், மலைப்பாறை ஆகிய நான்கின் ஆங்கிலப் பெயர்களுடைய முதலெழுத்துகளைச் சேர்த்துத்தான் பேஸ் என்ற பெயரே வந்தது. நான்கும் அசையாமல் நிற்பவை. வேறுபாடு அங்கேதான் தொடங்குகிறது. விமானத்திலிருந்து நீங்கள் வெளியே வரும்போது விமானத்தின் வேகம், மணிக்கு 150 கிலோமீட்டர் அளவில், உங்கள் உடம்போடு சேர்ந்தே வருகிறது. கதவைத் தாண்டிய நொடியிலேயே காற்று உங்களைத் தாங்குகிறது, கையை ஒரு சாண் நகர்த்தினால் உடம்பு திரும்புகிறது, பிசகாக வெளியேறியிருந்தாலும் சரிசெய்துகொள்ள முடிகிறது. நின்ற இடத்திலிருந்து குதிக்கிறவருக்கு அந்தக் காற்று கிடையாது. முதல் வினாடியின் முடிவில் அவர் 5 மீட்டர் இறங்கியிருப்பார், வேகம் மணிக்கு 35 கிலோமீட்டர். இரண்டாவது வினாடியின் முடிவில் 20 மீட்டர், வேகம் 70. இந்த வேகத்தில் கையையும் காலையும் அசைத்து உடம்பைத் திருப்ப இயலாது. விளிம்பை விட்டு எந்த நிலையில் கால் எடுத்தாரோ, ஏறத்தாழ அதே நிலையில்தான் பாராசூட் விரியும். ஆகவே உங்கள் 64 குதிப்புகளில் நீங்கள் கற்ற திறமைகளுள் பாதி, உங்களுக்கு மிகவும் தேவைப்படும் அந்த இரண்டு வினாடிகளில் உதவிக்கு வராது.

கருவியும் வேறு. விமானத்திலிருந்து 4,000 மீட்டரில் குதித்தால் ஒரு நிமிடம் விழுகிறீர்கள். தரைக்கு மேல் 750 மீட்டருக்குக் குறையாத உயரத்தில் விரிக்கிறீர்கள். முதல் பாராசூட் சிக்கினால் அதை அறுத்துவிட்டு இரண்டாவதை விரிக்க நேரமும் இருக்கிறது, முதுகில் அந்த இரண்டாவதும் இருக்கிறது. பேஸ் குதிப்பில் ஒன்றே ஒன்றுதான். தாழ்ந்த உயரத்தில் இரண்டாவதை வைத்துக்கொண்டாலும் அதைப் பயன்படுத்த நேரம் இருக்காது என்பதால் அதை வைப்பதே இல்லை. குறைந்த வேகத்திலும் காற்றைப் பிடித்து இழுக்க வேண்டும் என்பதற்காக, பெரிய பாராசூட்டை வெளியே இழுக்கும் பைலட் சூட் எனப்படும் சிறு குடையை 42 முதல் 48 அங்குலம் வரை பெரிதாக வைக்கிறார்கள். மெதுவாக விரியச் செய்யும் ஸ்லைடர் துணியை, தாழ்ந்த இடங்களில் கழற்றியோ கீழே இறக்கியோ வைத்து மடிக்கிறார்கள். மடிக்கும் முறையே வேறு. துபாயில் உங்களுக்கு வேறொருவர் மடித்துக் கொடுத்த பாராசூட்டில் எத்தனை முறை குதித்தீர்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணை 64-இலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொன்னால் விளங்கும். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ட்வின் ஃபால்ஸ் ஊரருகே ஸ்னேக் ஆற்றின் மேல் பெர்ரின் பாலம் இருக்கிறது. 148 மீட்டர் உயரம். ஆண்டு முழுவதும் தனி அனுமதி ஏதும் வாங்காமலேயே குதிக்கலாம். என்னுடைய ஒன்பதாவது பேஸ் குதிப்பு அங்கே நடந்தது. காற்று சாந்தம், மடித்தது நானே, கால் எடுத்ததும் சரி என்றே நினைத்தேன். பாராசூட் விரிந்து நிமிர்ந்து பார்த்தபோது ஆறு தெரியவில்லை, பாலத்தின் இரும்புச் சட்டங்கள் எதிரே வந்துகொண்டிருந்தன. வலது தோள் சற்றே தாழ்ந்திருந்ததால், பாராசூட் முழுக்க எதிர்த்திசையில் திரும்பி விரிந்திருக்கிறது. பாராசூட்டைத் திருப்ப உதவும் தோள் வாரைக் கை பற்றுவதற்குள் பாலத்தின் அடியில் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்துவிட்டேன். பாலத்துக்கு அடியில் வெற்றிடம் இருந்தது, அதனால் பிழைத்தேன். அந்த இடத்தில் ஒரு பாறைச் சுவர் இருந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். முதல் குதிப்புகளைப் பாலத்தில் செய்ய வைப்பதற்கு இதுவே காரணம்: பாலம் பிழையைப் பொறுக்கும், பாறையும் கோபுரமும் பொறுக்காது.

இப்போது காற்றாலையை எடுத்துக்கொள்வோம். 80 மீட்டரிலிருந்து விழும் பொருள் நான்கு வினாடியில் தரையைத் தொடும். பாராசூட் விரிய ஆகும் நேரத்தைக் கழித்தால், திசையைத் திருத்தவும் இறங்குமிடம் தேர்ந்தெடுக்கவும் மிஞ்சுவது மிகச் சொற்பம். திரும்பி விரிந்தால் எதிரே இருப்பது எஃகுத் தூண். அதைச் சுற்றி 40 மீட்டரும் அதற்கு மேலும் நீண்ட இறக்கைகள். அதைவிட முக்கியமானது காற்று. காற்று மிகுந்து வீசும் இடமாகப் பார்த்துத்தான் காற்றாலையை நடுகிறார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாயிலும் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் நெருக்கிக்கொண்டு புகுந்து நம் சமவெளியில் இறங்குகிறது. ஆடி அதன் உச்சம். காற்றாலை தன் முழுத் திறனில் ஓடத் தேவையான காற்று வினாடிக்கு 12 மீட்டர் அளவு, அதாவது மணிக்கு 43 கிலோமீட்டர். அமெரிக்கப் பாராசூட் சங்கம் பயிற்சி மாணவருக்கு வைத்திருக்கும் வரம்பு மணிக்கு 14 மைல், ஏறத்தாழ 22 கிலோமீட்டர்தான். அதுவும் பரந்த திடலில் இறங்குகிறவருக்கு. ஆடிக் காற்றில் நீங்கள் முன்னோக்கிச் செலுத்தினாலும் பாராசூட் உங்களைப் பின்னோக்கித்தான் கொண்டுபோகும். பின்னால் இருப்பவை உடைமரமும், பனங்கூட்டமும், ஒவ்வொரு காற்றாலையிலிருந்தும் மின்சாரத்தைக் கொண்டுபோகும் கம்பிகளும். அனுமதியில்லாமல் அந்தக் கோபுரத்தில் ஏறுவது குற்றம் என்பது தனி.

மலைப்பாறை குறித்துச் சுருக்கமாகவே சொல்லலாம். களக்காடு, முண்டந்துறைப் பக்கம் நீங்கள் பார்க்கும் முகடுகள் பெரும்பாலும் புலிகள் காப்பகத்துக்குள் வருபவை. வனத்துறை அனுமதியின்றி உள்ளே நுழைவதே 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி தவறு. சட்டத்தை ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும் பாறையின் வடிவம் சரியில்லை. அடிவாரத்தில் நின்று பார்க்கும்போது நெட்டுக்குத்தாகத் தோன்றும் முகடு, பக்கவாட்டில் போய்ப் பார்த்தால் படிப்படியாகச் சரிந்திருக்கும். ஒரு கல்லை விட்டு நான்கு வினாடி எண்ணினால் 78 மீட்டர் ஆழம் என்று தெரிந்துகொள்ளலாம், ஆனால் 30 மீட்டரில் துருத்திக்கொண்டிருக்கும் திட்டை அந்தக் கல் சொல்லாது. இறங்குவதற்கு வெட்டவெளியும் இல்லை, சோலைக்காடுதான். கால் முறிந்து மரத்தில் தொங்கினால், தூக்கிக்கொண்டு காட்டைக் கடந்து, பிறகு பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர எத்தனை மணி நேரம் ஆகும் என்று அந்தப் பக்கத்துக்காரராகிய உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆபத்தின் அளவு உங்களுக்குத் தெரிய வேண்டும். அமெரிக்காவில் 2023-இல் ஏறத்தாழ 36.5 லட்சம் ஸ்கைடைவிங் குதிப்புகளில் 10 பேர் இறந்தார்கள். நார்வேயில் ஷெராக் என்ற பாறையில் 1995 முதல் 2005 வரை நடந்த 20,850 பேஸ் குதிப்புகளைக் கணக்கெடுத்தபோது 9 பேர் இறந்திருந்தார்கள். சராசரியாக 2,300 குதிப்புகளுக்கு ஓர் உயிர். ஷெராக் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம், குதிப்பவர்களுக்கென்றே ஏற்பாடுகள் உள்ள இடம். 80 மீட்டர் கோபுரத்தோடு ஒப்பிட்டால் அங்கே நேரம் தாராளமாகக் கிடைக்கும். அங்கேயே கணக்கு இப்படி.

இனி உங்கள் கேள்வியின் நடுப்பகுதிக்கு வருகிறேன். எதைப் பார்த்து முடிவு செய்வது என்று கேட்கிறீர்கள். அனுபவம் என்றதும் எல்லோரும் எண்ணிக்கையைச் சொல்கிறோம். எண்ணிக்கை தேவைதான், முறையாகப் பேஸ் கற்றுத்தருபவர்கள் பெரும்பாலும் 200 ஸ்கைடைவிங் குதிப்புகளாவது முடித்திருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். ஆனால் எண்ணிக்கை ஒரு பொய்யையும் சேர்த்துச் சொல்லும். தவறாக முடிவெடுத்துக் குதித்து, ஒன்றும் ஆகாமல் இறங்கினால், அந்தத் தவறு உங்கள் குறிப்பேட்டில் வெற்றி என்று பதிவாகிறது. பத்து முறை அப்படி நடந்தால், பதினொன்றாவது முறை அதைத் தவறென்றே மனம் ஏற்காது. இந்த விளையாட்டுக்கே வழிவகுத்தவர்களில் ஒருவர் கார்ல் பெனிஷ். 1978-இல் அமெரிக்காவின் எல் காப்பிட்டான் பாறையிலிருந்து நடந்த குதிப்புகளைப் படமெடுத்தவர். 1984 ஜூலையில் நார்வேயின் ட்ரோல் சுவரில் மனைவியோடு தொலைக்காட்சிக்காகச் சாதனைக் குதிப்பை முடித்த ஓரிரு நாள்களுக்குள், அதே மலைப்பகுதியில் குதித்து இறந்துபோனார். அவருக்கு அனுபவம் போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

நான் முடிவெடுக்கும் திறமையைப் பார்த்தது ஸ்கைடைவிங் திடலில் அல்ல, திசையன்விளைப் பக்கத்தில் என் தாத்தா வீட்டுப் பனந்தோப்பில். அங்கே ஏறிக்கொண்டிருந்த பெரியவர் நாளுக்கு முப்பது மரம் ஏறுவார். ராத்திரி தூறல் விழுந்திருந்தால், காலையில் ஒவ்வொரு மரத்தடியிலும் உள்ளங்கையை மரத்தில் பதித்து, கொஞ்சம் அழுத்தித் தேய்த்துப் பார்ப்பார். பிறகு அண்ணாந்து ஓலை ஆடுவதைப் பார்ப்பார். சில மரங்களில் தளைநாரைக் காலில் மாட்டுவார், சிலவற்றில் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த மரத்துக்கு நடந்துவிடுவார். அன்று சீவாத பாளையில் அன்றைய பதனீர் போயிற்று; அது அவருக்கு அரிசிக் காசு. ஆனாலும் ஏற மாட்டார். நேற்று ஏறிய மரம்தானே என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, "நேத்து மரம் காஞ்சு கிடந்துச்சுல்லா" என்றார். அவ்வளவுதான். நேற்றைய வெற்றியை இன்றைக்குச் சான்றாக அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

உங்கள் நண்பரை அளக்கவும் இதே கோலைப் பயன்படுத்துங்கள். எத்தனை முறை குதித்தார் என்று கேட்க வேண்டாம். விளிம்பு வரை போய்விட்டு எத்தனை முறை திரும்பி இறங்கினார், ஏன் இறங்கினார் என்று கேளுங்கள். நாள், இடம், காற்று என்று விவரமாகச் சொல்ல முடிந்தால் அவரிடம் கற்கலாம். ஒருமுறையும் இல்லை என்றால், இதுவரை அவருக்கு வாய்த்த நாள்கள் நல்லவையாக இருந்திருக்கின்றன என்று மட்டுமே பொருள். நான் ஷெராக்கில் ஏறிய இரண்டாம் நாள், உச்சியில் மேகம் இறங்கி விளிம்பு தெரியாமல் போனதால் மூட்டையைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். ஐந்து பேர் போயிருந்தோம். அடிவாரத்திலேயே, யாராவது ஒருவர் வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் எல்லோரும் இறங்குவது என்று பேசி வைத்திருந்தோம்; அந்தப் பேச்சு இல்லாமல் உச்சியில் நின்றிருந்தால் வேண்டாம் என்று முதலில் சொல்ல எனக்கு நாக்கு எழுந்திருக்காது. அந்த நாளும் என் குறிப்பேட்டில் இருக்கிறது, குதித்த நாள்களுக்கு எழுதிய அதே அளவு விவரத்தோடு.

உங்கள் திட்டத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது கோபுரத்தின் உயரம்கூட அல்ல, அந்தப் பத்து நாள். விடுப்பு முடியப்போகிறது, டிக்கெட் போட்டாயிற்று, நண்பர் இதற்கென்றே வந்திருக்கிறார், ஊர்ப் பையன்கள் செல்போனைத் தூக்கிக்கொண்டு கீழே நிற்கிறார்கள் என்றால், காற்றைப் பார்த்து முடிவெடுக்கும் உரிமை உங்கள் கையை விட்டுப் போய்விட்டது.

இந்த ஆசையை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. துபாயில் பரந்த இறங்குதளமும் நல்ல பயிற்றுநர்களும் இருக்கும்போது 200 வரை போக உங்களுக்கு ஓரிரு ஆண்டு ஆகலாம். அந்த ஆண்டுகளில் வேகமான சிறு பாராசூட்டுக்கு மாறாதீர்கள். பேஸுக்குப் பயன்படும் வகையைப் போன்ற, பெரிய, ஏழு காற்றறைகள் கொண்ட பாராசூட்டைக் கேட்டு வாங்கிக் குறி வைத்து இறங்கப் பழகுங்கள். தரையில் ஒரு தட்டை வைத்து, தொடர்ந்து இருபது முறை அதிலிருந்து பத்து மீட்டருக்குள் இறங்க வந்தபிறகு, எதிர்க்காற்றிலும் பக்கக்காற்றிலும் அதையே செய்யுங்கள். எல்லாக் குதிப்புக்கும் நீங்களே மடியுங்கள். அதன்பின் முறையான முதல் குதிப்புப் பயிற்சியில், பெர்ரின் போன்ற பாலத்தில், உங்களுக்கு நேர்ந்த பிழையைப் படமாகக் காட்டித் திருத்தும் பயிற்றுநருடைய கண் முன்னால் தொடங்குங்கள்.

இந்த ஆடிக்குக் கொடை பார்க்க வாருங்கள். உங்கள் பாராசூட்டையும் நண்பருடையதையும் துபாயிலேயே வைத்துவிட்டு வாருங்கள். மூட்டை வீட்டு மச்சில் கிடந்தால், நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, காற்று சற்று ஓய்ந்த ஓர் அதிகாலையில், உங்கள் இருவரில் ஒருவர் அதைப் பற்றிப் பேச்செடுப்பார்.